கிரவுன் போட்ட பல்லடியில இரத்தம்: எந்தப் பக்கம் எண்டு முதல்ல பாருங்கோ

#1 — உவர்மலை பல்வைத்தியர்

"கிரவுன் (பல்லை மூடிப் போடுற உறை) போட்ட பல்லடியில இரத்தம் வருது, எந்த மவுத்வாஷ் நல்லம்?" எண்டு இங்க திரும்பத் திரும்பக் கேக்கிறீங்கள். அதுக்குப் பதில் சொல்ல முதல் நான் ஒண்டு கேக்க வேணும். பல்லுக்கு எந்தப் பக்கத்தால வருது?

இரத்தம் வாறது கிரவுனின்ட விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிக்கிற முரசால (ஈறால). அந்த விளிம்பு பல்லைச் சுத்தி ஒரு வளையம். வளையத்தில ஒரு இடத்தில கிரவுனை ஒட்டின சீமெந்து மிஞ்சியிருக்கும், இன்னொரு இடத்தில உணவு அடையும், இன்னொரு இடம் அளவுக்கு மிஞ்சி ஆழத்தில போயிருக்கும். ஒவ்வொண்டுக்கும் வைத்தியம் வேற. இடம் தெரியாமல் மவுத்வாஷ் வாங்கிறது, ஓடு எங்க உடைஞ்சது எண்டு பாக்காமல் வீட்டுக்குள்ள வாளி வைக்கிற மாதிரி.

வீட்டில செய்யக்கூடிய சோதனை இது. ராவில பல்லுத் தீட்டின பிறகு 40 முதல் 45 சென்ரிமீற்றர் பல்நூல் எடுங்கோ. இரண்டு நடுவிரலிலும் சுத்தி, இடையில 3 அல்லது 4 சென்ரிமீற்றர் விடுங்கோ. கிரவுனுக்கு முன்பக்க இடைவெளியில வாள் அறுக்கிற மாதிரி மெல்ல ஆட்டி இறக்க வேணும், படக்கெண்டு அமத்தக் கூடாது. இறங்கினதும் நூலைக் கிரவுனோட சேத்து வளைச்சுப் பிடிச்சு, முரசுக்குக் கீழ தடை தெரியிற வரைக்கும் போய், மேலும் கீழுமா அஞ்சாறு தரம் இழுங்கோ. எடுத்து வெள்ளை ரிஷுவில துடைச்சுப் பாருங்கோ. பின்பக்க இடைவெளிக்கு நூலின்ட புதுத் துண்டு.

பாக்க வேண்டியது நாலு. இரத்தம் இருக்கோ? நூல் பிரிஞ்சு பஞ்சாகுதோ? நாத்தம் இருக்கோ? நூல் தடையே இல்லாமல் சும்மா விழுந்ததோ? கன்னப் பக்கத்தையும் நாக்குப் பக்கத்தையும் மென்மையான பிரஷ்ஷால தனித்தனியாத் தீட்டித் துப்பிப் பாருங்கோ. ஏழு நாள் எழுதி வையுங்கோ. அந்தக் கடதாசி கையில இருந்தால் பல்வைத்தியரின்ட பாதி வேலை முடிஞ்சுது.

#2 — தம்பலகாமம் ரீச்சர்

டொக்டர், கிரவுன் புதுசாப் போட்டு மூண்டு நாள் எண்டால் இந்தச் சோதனையைச் செய்யலாமோ? நூல் போட்டால் கிரவுன் கழண்டிடும் எண்டு சொல்லுகினம்.

#3 — உவர்மலை பல்வைத்தியர்

நிரந்தரச் சீமெந்தால ஒட்டின கிரவுன் நூலுக்குக் கழறாது ரீச்சர். கழண்டால் அது முதலே ஆடிக்கொண்டு இருந்திருக்குது. ஒட்டின அண்டைக்கு மட்டும் அந்த இடத்தை விடுங்கோ, அடுத்த நாளில இருந்து செய்யலாம்.

தற்காலிகக் கிரவுன் எண்டால் கதை வேற. நூலை மேல இழுக்காமல் ஒரு பக்க நுனியை விட்டிட்டுப் பக்கவாட்டால உருவி எடுக்க வேணும். தற்காலிகக் கிரவுனின்ட அக்ரிலிக் விளிம்பு சொரசொரப்பா இருக்கும், அதில முரசு சிவக்கிறது வழமை. ஆனால் அதைக் கவனிக்காமல் விடக் கூடாது, காரணத்தை லேப் தம்பி சொல்லுவார்.

புதுக் கிரவுனுக்கு முதல் ஒரு கிழமை கொஞ்சம் இரத்தம் வரலாம். அளவெடுக்கும்போது முரசை விலக்க நூல் திணிக்கிறம், மருந்து வைக்கிறம், அதில கீறுப்படும். நாளுக்கு நாள் குறைஞ்சு வர வேணும். இரண்டு கிழமை தாண்டியும் ஒரே அளவில நிண்டால் அது கீறல் இல்லை.

#4 — சீனக்குடா லேப்

கூப்பிட்டபடியால் சொல்லுறன். முரசு இரத்தம் வடிச்சுக்கொண்டு இருக்கேக்க அளவெடுத்தால், அளவுப் பொருள் விளிம்புக்குள்ள இறங்காது. அந்த இடத்தில ஈரம், குமிழி. எங்களுக்கு வாற பல்லின்ட அச்சில விளிம்புக்கோடு 360 பாகையில ஒரு 40 பாகைக்குத் தெரியாது. நாங்கள் ஊகிச்சுத்தான் வெட்டுறம். ஊகிச்ச இடத்தில கிரவுன் ஒண்டில் நீளும், இல்லாட்டிக் குறையும். நீண்டால் தட்டு மாதிரி துருத்திக்கொண்டு நிக்கும், குறைஞ்சால் வெடிப்பு. இரண்டிலயும் அழுக்குத் தங்கும், திரும்ப இரத்தம். இரத்தம் பிழையான அளவைத் தரும், பிழையான அளவு இரத்தத்தைத் தரும். தற்காலிகக் கிரவுனை வழவழப்பா முடிச்சு, முரசை ஆற விட்டு அளவெடுத்தால் இந்தச் சுத்து உடையும்.

கிரவுன் விளிம்புக்கும் பல்லுக்கும் இடையில இருக்கிற இடைவெளிக்கு ஒரு கணக்கு இருக்கு. ஆய்வாளர் மக்லீனும் வொன் ஃபிரவுன்ஹோஃபரும் 1971இல் சொன்ன 120 மைக்ரோமீற்றரைத்தான் இண்டைக்கும் ஏற்கத்தக்க எல்லை எண்டு வைச்சிருக்கினம். பக்ரீரியா ஒண்டின்ட அளவு ஏறத்தாழ 1 மைக்ரோமீற்றர். எவ்வளவு திறமாச் செய்தாலும் கிருமிக்குக் கதவு திறந்துதான் கிடக்குது. அதால "நல்ல கிரவுன் போட்டாச்சு, இனிப் பல்லுத் தீட்டத் தேவையில்லை" எண்ட கதை சரிவராது.

#5 — சாம்பல்தீவு

விளிம்புப் பிழை எண்டால் எப்பவும் லேப்பையும் அளவையும்தான் சொல்லுறீங்கள். கிரவுனே கொழுத்துப்போய் இருந்தால்?

#6 — சீனக்குடா லேப்

ஓம், அதுவும் இருக்கு. ஆனால் அதுக்கும் ஒரு காரணம் கிடக்கு, டொக்டர் கோவிக்கக் கூடாது. உலோகத்துக்கு மேல பீங்கான் சுடுற கிரவுனுக்குப் பக்கச்சுவரில 1.2 முதல் 1.5 மில்லிமீற்றர் இடம் வேணும். பல்லை 0.7 மட்டும் ராவி அனுப்பினால் மிச்சத்தை நாங்கள் வெளிப்பக்கமாத்தான் கட்டலாம். உலோகம் ஏறத்தாழ 0.3, அதை மறைக்கிற வெள்ளைப் பூச்சு, பிறகு பீங்கான். எங்க போக? பல்லு முரசால வெளிக்கிடுற இடத்திலயே வயிறு வைச்சிடும். அந்த வயிற்றுக்குக் கீழ பிரஷ் போகாது. கன்னப் பக்கம் முழுக்க ஒரு சிவப்புப் பட்டி மாதிரி முரசு வீங்கி நிண்டால் முதல்ல இதைச் சந்தேகியுங்கோ. முழுச் சிர்கோனியா (உலோகம் இல்லாத கடினமான பீங்கான் வகை) எண்டால் இதைவிட மெல்லிசாச் செய்யலாம்.

#7 — உவர்மலை பல்வைத்தியர்

கோவிக்கேல்லை, சரியாத்தான் சொல்லியிருக்கிறார். இனி இடத்தை வைச்சுக் காரணத்தைப் பாப்பம்.

இரண்டு பல்லுக்கு இடையில மட்டும் இரத்தம், நூல் தடையில்லாமல் விழுது, சாப்பிட்ட உடனே அங்க ஏதோ இறுகுது எண்டால் பக்கத்துப் பல்லோட தொடுப்புத் திறந்து கிடக்குது. முருங்கைக்காய்ச் சக்கை, மாம்பழ நார், மாட்டிறைச்சி, சூடை மீன் முள்ளு எல்லாம் ஒவ்வொரு நேரமும் முரசுக்குள்ள ஆப்பு மாதிரி இறங்கும். இதுக்கு எந்த மருந்தும் இல்லை. தொடுப்பை மூட வேணும். பக்கத்துப் பல்லில நிரப்பல் போட்டு மூடலாம், இல்லாட்டிக் கிரவுனைத் திரும்பச் செய்ய வேணும். பல்லுக் குத்தியால குத்திக் குத்தி இடைவெளியைப் பெருப்பிக்கிறதுதான் ஊரில நடக்கிறது.

இடையிலதான், ஆனால் நூல் இறுக்கமாப் போய்ப் பஞ்சாப் பிரிஞ்சு வருது எண்டால், விளிம்பு துருத்துது அல்லது சீமெந்துத் துணுக்கு மிஞ்சியிருக்குது. கண்ணாடி அயனோமர் சீமெந்து றப்பர் பதத்துக்கு வரும்போது உரிச்சால் ஒரே துண்டா வரும். இறுக விட்டால் கல்லு. ரெசின் சீமெந்தை இரண்டு மூண்டு செக்கன் மட்டும் ஒளி காட்டி, உரிச்சு, பிறகுதான் முழுசா இறுக்க வேணும். முடிச்சுப் போட்ட நூலை இடையால இழுத்து எடுக்கிறதும் அந்த நேரத்து வேலை. எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு பக்க இடைவெளியிலயும் மிஞ்சினது தெரியலாம். கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் பல்லின்ட நிழலுக்குள்ள மறைஞ்சிடும், சில ரெசின் சீமெந்து படத்தில விழவே விழாது. அதால "எக்ஸ்ரே சுத்தம்" எண்டது முடிவான சொல் இல்லை, ஊசிக் கருவியால சுத்தித் தடவிப் பாக்க வேணும்.

ஒரே ஒரு புள்ளியில, ஊசி போற மாதிரி ஒடுங்கிய ஆழமான குழி, மற்றப் பக்கம் எல்லாம் சுகம் எண்டால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாங்கோ. வேர் நெடுக்காப் பிளந்திருக்கலாம். வேர்ச் சிகிச்சை செய்து உள்ளுக்குக் கம்பி வைச்ச பல்லில இது கூட. பெரும்பாலும் பல்லைக் காப்பாத்த ஏலாது.

கிரவுன் இல்லாத பல்லிலயும் எல்லா இடத்திலயும் இரத்தம் எண்டால் கிரவுனைக் குற்றம் சொல்லாதேங்கோ. முழு வாய்க்கும் பல்லில படிஞ்ச கல் எடுக்க வேணும்.

#8 — நிலாவெளிக்காற்று

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இது உலோக ஒவ்வாமை. முரசு ஓரம் கறுப்புக் கோடு விழுந்தால் உலோகம் இரத்தத்தில கலக்குது எண்டுதான் அர்த்தம். எல்லாரும் சிர்கோனியாவுக்கு மாத்த வேண்டியதுதான்.

#9 — முரசுப் பிரிவு

நிலாவெளி அண்ணை, கறுப்புக் கோடு பெரும்பாலும் முரசு இறங்கினதால வெளியில தெரியிற உலோக விளிம்பு, இல்லாட்டி மெல்லிய முரசுக்குள்ளால தெரியிற அதின்ட நிழல். அது அழகுப் பிரச்சினை. நிக்கல் ஒவ்வாமை உண்மையிலயே இருக்கு, மலிவான கலப்புலோகங்களில நிக்கலும் குரோமியமும்தான் கூட. ஆனால் அதின்ட முகம் வேற. உலோகம் தொடுற இடம் முழுக்கச் சிவப்பு, பக்கத்துக் கன்னத் தோலிலயும் வெள்ளை அல்லது சிவப்புத் தடம், எரிவு. எவ்வளவு சுத்தமா வைச்சாலும் மாறாது. மலிவுத் தோடு, மணிக்கூட்டுப் பட்டி, பெல்ட் பூட்டு பட்ட இடத்தில சொறி வாற ஆளெண்டால் சந்தேகம் கூடும். தோல் வைத்தியரிட்ட ஒட்டுச் சோதனை செய்து உறுதிப்படுத்தாமல் நல்ல கிரவுனை வெட்டி எடுக்கக் கூடாது. விளிம்பு பிழையா இருந்தால் சிர்கோனியாவைச் சுத்தியும் இரத்தம் வரும்.

டொக்டர் விளக்காமல் விட்ட ஒண்டு, விளிம்பின்ட ஆழம். முரசு பல்லோட ஒட்டுறதுக்கு எலும்புக்கு மேல ஒரு பட்டி இடம் வேணும். ஆய்வாளர் கார்ஜூலோவும் கூட்டாளிகளும் 1961இல் அளந்தது: மேல்தோல் ஒட்டு 0.97, இணைப்பிழையம் 1.07, கூட்டினால் 2.04 மில்லிமீற்றர். இதைத்தான் முந்தி உயிரியல் அகலம் எண்டு சொன்னவை. இது சராசரி, ஆளுக்கு ஆள், பல்லுக்குப் பல் மாறும். அதால விளிம்புக்கும் எலும்புக்கும் இடையில ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் விடுறது வழமை. சூத்தை ஆழமாப் போன பல்லில, உடைஞ்ச பல்லில, விளிம்பு அந்தப் பட்டிக்குள்ள இறங்கிடும். உடம்பு அந்த இடத்தை விட்டுக் குடுக்காது. ஒண்டில் எலும்பு கரைஞ்சு தானா இடம் எடுக்கும், இல்லாட்டி முரசு எப்பவும் ஊதிச் சிவந்து, தொட்டால் இரத்தம்.

இதைத் தீட்டிச் சுகப்படுத்த ஏலாது. முரசும் எலும்பும் கொஞ்சம் குறைச்சுப் பல்லை நீட்டுற சிறிய சத்திரசிகிச்சை செய்யலாம், அதுக்குப் பிறகு பின்பல்லில 6 முதல் 8 கிழமை, முன்பல்லில 3 முதல் 6 மாதம் பொறுத்துத்தான் கடைசிக் கிரவுன். இல்லாட்டிக் கம்பி போட்டுப் பல்லை மெல்ல வெளியில இழுக்கலாம். முன்பல்லில சிரிப்புக் கோடு குழம்பாமல் இருக்க அது நல்லம், காலம்தான் கூட எடுக்கும்.

#10 — கிண்ணியான்

அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டு கேள்வி. நோன்பு காலத்தில குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொப்பளிக்கிறவங்க நேரத்த எப்பிடி வைக்கிற? மற்றது, மிஸ்வாக் குச்சி போட்டா கிரவுன் விளிம்புக்குக் காணுமா?

#11 — பாமசி அக்கா

வஅலைக்கும் ஸலாம் தம்பி. 0.2 வீதக் குளோர்ஹெக்சிடின் எண்டால் 10 மில்லிலீற்றர், ஒரு நிமிஷம், நாளுக்கு இரண்டு தரம். நோன்புக்குச் சஹர் சாப்பிட்டு முடிஞ்ச பிறகு ஒண்டு, இரவு தராவீஹ் முடிச்சுப் படுக்க முதல் ஒண்டு. பகலில தேவையில்லை, அந்த மருந்து பல்லிலயும் முரசிலயும் ஒட்டி மணிக்கணக்கா வேலை செய்யும். பற்பசையில நுரைக்கப் போடுற பொருள் இதை முறிக்கும், அதால தீட்டி அரை மணித்தியாலமாவது விட்டுக் கொப்பளியுங்க. இரண்டு கிழமைக்கு மேல வேண்டாம். பல்லில மண்ணிறக் கறை பிடிக்கும், தேத்தண்ணி குடிக்கிற எங்கட ஊரில கெதியாப் பிடிக்கும். நாக்கு ருசியும் கொஞ்ச நாளைக்கு மாறும்.

இன்னொண்டு. மவுத்வாஷ் முரசுக்குக் கீழ இறங்கிறதே இல்லை எண்டு சொல்லலாம். சீமெந்துத் துணுக்கு உள்ளுக்கு இருந்தால் மேல கழுவி என்ன பலன்? முரசு இரத்தத்துக்கு ஃபிளாஜில் (மெட்ரோனிடசோல் குளிசை) கேட்டு வாறவையும் கனபேர். சீழும் காய்ச்சலும் இல்லாத வெறும் இரத்தத்துக்கு அது தேவையில்லை. இரத்தம் இளக்க வோர்ஃபரின் குடிக்கிறவர் மெட்ரோனிடசோல் போட்டால் வோர்ஃபரினின்ட வேகம் கூடி, நிக்கிற இரத்தமும் நிக்காது. வாய்ப் பூஞ்சைக்குப் பூசுற மைகொனசோல் ஜெல்லும் அதே மாதிரி. சின்னக் குழாய்தானே எண்டு நினைக்காதேங்க.

#12 — முரசுப் பிரிவு

மிஸ்வாக் கேள்விக்கு: கன்னப் பக்கத்துக்கும் நாக்குப் பக்கத்துக்கும் உதவும். நுனித் தோலை ஒரு சென்ரிமீற்றருக்குச் சீவி, ஊற வைச்சு, பஞ்சு மாதிரி மென்ற பிறகு, முரசில இருந்து பல்லு நுனியை நோக்கி இழுங்கோ. குறுக்க வைச்சுத் தேய்ச்சால் முரசு இறங்கும், விளிம்பு வெளிக்கும். பழைய நாரை ஒவ்வொரு நாளும் வெட்டி எறிய வேணும். ஆனால் இரண்டு பல்லுக்கு இடையில அது போகாது, கிரவுன் பிரச்சினையில கூடின பங்கு அங்கதான். அதுக்கு இடைப் பிரஷ். கம்பி பல்லில உரசாமல், மயிர் இரண்டு பக்கமும் தொட்டு, கொஞ்சம் இறுக்கமாப் போற அளவுதான் சரியான அளவு. தெப்பே எண்ட கொம்பனியின்ட பிரஷ்ஷில இளஞ்சிவப்பு 0.4, செம்மஞ்சள் 0.45, சிவப்பு 0.5, நீலம் 0.6 மில்லிமீற்றர். ஒரே வாயில இரண்டு மூண்டு அளவு தேவைப்படலாம். கஷ்டப்பட்டுத் தள்ளாதேங்கோ, போகாட்டிச் சின்னதை எடுங்கோ.

சாதாரணப் பிரஷ்ஷும் மயிர் மென்மையா, 45 பாகையில முரசு ஓரத்துக்குச் சரிச்சு, நிண்ட இடத்திலயே சின்னச் சின்ன அசைவு. இரத்தம் வருது எண்டு அந்த இடத்தை விட்டிட்டுத் தீட்டுறதுதான் எல்லாரும் விடுற பிழை. விட்டால் கூடும். அழுக்குத்தான் காரணம் எண்டால் ஒழுங்காச் செய்து 7 முதல் 10 நாளில வித்தியாசம் தெரிய வேணும்.

#13 — நிலாவெளிக்காற்று

சரி, ஒவ்வாமைக் கதையை விடுவம். கடல் தண்ணியில கொப்பளிச்சால் முரசு இறுகும் எண்டு கரைவலைக்காரர் சொல்லுறவை. அதுவும் பிழையோ?

#14 — பாமசி அக்கா

கடல் தண்ணியில உப்பு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம். உடம்புக்கு ஏத்த உப்புத் தண்ணி 9 கிராம். ஏறத்தாழ நாலு மடங்கு. கடற்கரையில வேற என்னென்ன கலக்குது எண்டும் உங்களுக்குத் தெரியும். வீட்டில ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணியில அரைத் தேக்கரண்டி உப்பு காணும், சாப்பிட்ட பிறகு, ஒரு சில நாளைக்கு. உப்பையோ உமிக்கரியையோ விரலில தொட்டு முரசில தேய்க்க வேண்டாம். கராம்பு எண்ணெயை நேர முரசில விட்டால் வெந்து வெள்ளையாகும்.

#15 — சாம்பல்தீவு

ஒரே அளவு அழுக்கோட இருந்தாலும் சிலருக்கு இரத்தமே வாறதில்லையே, அது ஏன்?

#16 — முரசுப் பிரிவு

நல்ல கேள்வி, இதுக்கு விடை எங்கட நாட்டில இருந்துதான் போனது. பல் ஆய்வாளர் ஹரால்ட் லோவின்ட குழு 1970இல் தொடங்கி 15 வருஷம், பல்லுத் தீட்டுற பழக்கமோ பல் வைத்தியமோ இல்லாத இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 ஆண்களைப் பின்தொடர்ந்தது. எல்லாற்ற வாயிலயும் அழுக்கு, கல், சிவந்த முரசு. ஆனால் 8 வீதம் பேருக்கு எலும்பு வேகமாக் கரைஞ்சது, 81 வீதத்துக்கு நடுத்தரம், 11 வீதத்துக்கு முரசு அழற்சியைத் தாண்டிப் போகவே இல்லை. 1986இல் வெளிவந்தது. அழுக்கு நெருப்புப்பெட்டி எண்டால், எவ்வளவு எரியும் எண்டது உடம்பைப் பொறுத்தது.

புகைக்கிறவைக்கு இரத்தம் குறைவாத்தான் வரும், முரசு சுகம் எண்டு அர்த்தம் இல்லை, அடையாளம் மறையுது. புகையிலையோட வெத்திலை போடுறவை வாயில மாறாத வெள்ளை, சிவப்புத் தடத்தையும் காட்ட வேணும். கட்டுப்பாடில்லாத நீரிழிவில முரசு ஆறாது, மூண்டு மாதச் சராசரிச் சீனி காட்டுற எச்பிஏவன்சி எவ்வளவு எண்டு சொல்லுங்கோ. கர்ப்ப காலத்தில அதே அளவு அழுக்குக்கே முரசு கூடுதலா வீங்கும். பிரஷருக்குக் குடிக்கிற நிஃபெடிபைன், சில நேரம் அம்லோடிபைன், வலிப்புக்குக் குடிக்கிற ஃபெனிட்டோயின் முரசை வளர வைக்கும், வளர்ந்த முரசு கிரவுன் விளிம்பை மூடும். குளிசையை நீங்களா நிப்பாட்டக் கூடாது, எழுதின வைத்தியரோட கதைச்சு மாத்தலாம்.

#17 — உவர்மலை பல்வைத்தியர்

இரத்தம் இளக்கிற மருந்துக்கும் அதே விதி. அஸ்பிரின், குளோபிடோகிரல், வோர்ஃபரின் எதையும் கல் எடுக்கிறதுக்காக நிப்பாட்டிக்கொண்டு வராதேங்கோ. வோர்ஃபரின் எண்டால் ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எடுக்கிற நேரத்தைக் காட்டுற சோதனை) முந்தின நாள் பாத்த துண்டைக் கொண்டு வாங்கோ, 4க்குக் கீழ இருந்தால் வேலை செய்யலாம்.

மாரி தொடங்கினால் இதையும் மறக்க வேண்டாம்: காய்ச்சலோட முரசில இரத்தம் எண்டால் டெங்கு எண்டு நினையுங்கோ, கிரவுனை நினையாதேங்கோ. அண்டைக்கே வைத்தியசாலை, முழு இரத்த எண்ணிக்கை. பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரினும் இபுபுரூஃபனும் தொடவே கூடாது. வயிற்றுநோ, ஓயாத சத்தி, சோர்வு இருந்தால் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கோ.

#18 — கிண்ணியான்

இம்பிளான்ட்டுக்கு (தாடை எலும்புல பதிச்ச செயற்கை வேருக்கு) மேல போட்ட கிரவுனுக்கும் இதே கணக்குத்தானா?

#19 — முரசுப் பிரிவு

இல்லை தம்பி, அங்க அவசரம் கூட. பல்லுக்கு இருக்கிற நார்க் கட்டு இம்பிளான்ட்டுக்கு இல்லை, அழற்சி எலும்புக்கு இறங்கத் தடை குறைவு. சீமெந்தால ஒட்டின வகை எண்டால் முதல் சந்தேகம் மிஞ்சின சீமெந்துதான். வில்சன் 2009இல் அழற்சி வந்த இம்பிளான்ட்டுகளை உள்நோக்கிக் கருவியால பாத்ததில 81 வீதத்தில மிஞ்சின சீமெந்து. எடுத்த பிறகு அதில 74 வீதத்துக்கு அழற்சி அடையாளம் அடங்கிச்சு. திருகாணியால பூட்டின வகையில இந்தத் தொல்லை இல்லை, கழட்டிச் சுத்தம் செய்யவும் லேசு.

வீட்டில: இம்பிளான்ட்டின்ட கரடு மேற்பரப்பு வெளித்திருந்தால் நூல் பிரிஞ்சு துண்டு உள்ளுக்குச் சிக்கும், அதுவே புண்ணாக்கும். பிளாஸ்ரிக் உறை போட்ட கம்பி உள்ள இடைப் பிரஷ் பாவியுங்கோ. தொட்டால் இரத்தமோ சீழோ வந்தால் இரண்டு கிழமை பாத்திருக்காமல் காட்டுங்கோ.

#20 — தம்பலகாமம் ரீச்சர்

கிளினிக்கில போய் என்ன சொல்லிக் கேக்கிறது எண்டும் எழுதி விடுங்கோ டொக்டர். "இரத்தம் வருது" எண்டால் கல் எடுத்துவிட்டு அனுப்புகினம்.

#21 — உவர்மலை பல்வைத்தியர்

இப்பிடிச் சொல்லுங்கோ ரீச்சர்: "கீழ் வலது பக்கம், முதல் கடைவாய்ப்பல். பின்பக்க இடைவெளியில மட்டும். நூல் பிரியுது. பத்து நாள் ஒழுங்காச் சுத்தம் செய்தும் குறையேல்லை." பிறகு மூண்டு வேலை கேளுங்கோ. பல்லைச் சுத்தி ஆறு இடத்தில குழியின்ட ஆழத்தை அளந்து எழுதச் சொல்லுங்கோ, 3 மில்லிமீற்றர் வரைக்கும் சரி, 4க்கு மேல போய் இரத்தமும் வந்தால் கவனிக்க வேணும். விளிம்பு தெரியிற மாதிரி ஒரு எக்ஸ்ரே. தொடுப்பு இறுக்கத்தை நூலால பாக்கிறது.

சின்னத் துருத்தல் எண்டால் நுண்ணிய வைரப் பறால (சுழண்டு ராவுற முனையால) ராவி மினுக்கிவிடலாம், கிரவுனை மாத்தத் தேவையில்லை. விளிம்புக்குக் கீழ சூத்தை போயிருந்தால், வெடிப்பில ஊசி முனை இறங்கினால், மாத்தத்தான் வேணும். அப்ப பழைய கிரவுனை வெட்டின அண்டைக்கே புது அளவு எடுக்க விடாதேங்கோ. தற்காலிகக் கிரவுனோட இரண்டு மூண்டு கிழமை முரசை ஆற விட்டு, தீட்டும்போது இரத்தம் நிண்ட பிறகு எடுக்கச் சொல்லுங்கோ.

#22 — சீனக்குடா லேப்

அந்த இரண்டு மூண்டு கிழமையை ஆராவது தந்தால் விளிம்புக்கோடு 360 பாகையும் தெரியும். ஊகிக்கிற வேலை எங்களுக்கும் மிச்சம்.